தொப்பிச் சத்தம் எங்கே போனது?

19 ஜனவரி 2025, மேலூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அண்ணே, பொங்கலுக்குக் கிடைத்த பணத்தில் 1,800 ரூபாய்க்கு ஒரு வயர் இயர்ஃபோன் வாங்கினேன். காதுக்குள் நுழைத்துக் கேட்கிற வகை. என் தாத்தா தவில் வாசித்தவர். 1987இல் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அவர் வாசித்ததை மைக் செட்டுக்காரர் ஒரு கேசட்டில் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அதை ஒரு கடையில் எம்பி3 ஆக மாற்றி ஃபோனில் வைத்திருக்கிறேன். இயர்ஃபோன் வாங்கியதே இதைக் கேட்கத்தான். ஆனால் நாதஸ்வரம் காதைக் குத்துகிறது. தவிலில் வலந்தலை மட்டும் டக்டக்கென்று கேட்கிறது, தொப்பியே காணோம். சின்ன வயதில் வீட்டு டேப்ரெக்கார்டரில் கேட்டபோது இப்படி இல்லை. டாக் (எண்வடிவப் பாட்டை ஒலியலையாக மாற்றுவது), ஆம்ப் (அதைப் பெருக்குவது) இரண்டும் சேர்ந்த பெட்டி ஒன்றை 6,000 ரூபாயில் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

அன்று இரவு 10.20

வாங்க வேண்டாம் தம்பி. முதலில் காதைப் பாருங்கள்.

தவில் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி: வலது பக்கம் வலந்தலை, விரல்களில் துணி சுற்றிச் செய்த கூடு மாட்டி வாசிப்பது. இடது பக்கம் தொப்பி, பூவரசங்கழியால் அடிப்பது. கனமான கீழோசை தொப்பியிலிருந்து வருகிறது. இயர்ஃபோனில் முதலில் காணாமல் போவதும் கீழோசைதான்.

காதுக்குள் போகும் இயர்ஃபோன், ரப்பர் டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவில் ஒரு துளிக் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு அதைத்தான் அசைக்கிறது. டிப் சரியாக அடைக்காவிட்டால் காற்று கசியும். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பு நினைவிருக்கிறதா? வேகமாக அடித்தால் கொஞ்சமாவது காற்று ஏறும். மெதுவாக அழுத்தினால் எல்லாம் பக்கவாட்டில் போய்விடும். அதே கதைதான் இங்கேயும். மேலோசை வேகமான அசைவு, கசிவு இருந்தாலும் வந்துவிடும். தொப்பியின் ஓசை மெதுவான அசைவு, கசிந்து போய்விடும்.

சோதித்துப் பாருங்கள். பாட்டு ஓடும்போது இரண்டு இயர்ஃபோனையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். தொப்பி எழுந்து வந்தால் குறை டிப்பில். அதற்கு 6,000 ரூபாய் தேவையில்லை.

2018இல் இதே குறைக்காக நான் 7,500 ரூபாய்க்கு ஆம்ப் வாங்கினேன். மூன்று மாதம் கழித்து, கூடவே வந்த பெரிய டிப்பை மாற்றிப் போட்ட அன்றுதான் கீழோசை வந்தது. அந்த மூன்று மாதமும் ஆம்ப் நல்லா இருக்கு என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பணம் செலவழித்த பொருளில் குறை சொல்ல மனம் வராது.

20 ஜனவரி

விட்டுப்போனது. இரண்டு காதும் ஒரே அளவு இருக்கும் என்று நினைக்காதீர்கள். எனக்கு வலதில் நடு அளவு, இடதில் பெரியது. மாட்டும்போது மறு கையால் காது மடலை மேலே, பின்பக்கமாக இழுத்துப் பிடித்தால் துவாரம் நேராகும், டிப் ஒழுங்காக உட்காரும். நம்மூர் வெயிலில் வியர்வை பட்டு சிலிக்கான் டிப் வழுக்கி வெளியே வரும். துடைத்துவிட்டுப் போடுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஃபோம் டிப். அது அழுக்கு ஏறிச் சில மாதத்தில் இறுகிவிடும், மாற்றத்தான் வேண்டும்.

22 ஜனவரி

தம்பி எழுதியிருக்கிறார்: பெரிய டிப் போட்டதும் மற்றப் பாட்டுகளில் பேஸ் நன்றாக வந்துவிட்டதாம். தாத்தாவின் பதிவில் மட்டும் தொப்பி இன்னும் வரவில்லையாம்.

அப்படியானால் ஒப்பிட்ட விதத்தில் கோளாறு இருக்கலாம். இரண்டில் ஒன்று கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருந்தாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். ஒலி குறையக் குறைய நம் காதுக்குக் கீழோசை அதைவிட வேகமாகக் குறைவது போலத் தெரியும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். பழைய ஸ்டீரியோ செட்டுகளில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, இதை ஈடுகட்டத்தான். பழைய கேசட் பதிவு தாழ்ந்த ஒலியில் இருக்கும், இன்றைய பாட்டு உச்சத்தில் இருக்கும். வால்யூமைக் கூட்டி இரண்டையும் சமமாக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.

24 ஜனவரி

சமமாக்கியும் தொப்பி இல்லை என்கிறார். யோசிக்க வேண்டும்.

அதற்குள் இரண்டு பேர் "ஆம்ப் இல்லாமல் பேஸ் வராது" என்று எழுதிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். தம்பியின் இயர்ஃபோன் பெட்டியில் 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் என்று அச்சடித்திருக்கிறது. ஃபோனின் சார்ஜ் துளையில் இயர்ஃபோனை இணைக்கும் சாதாரண டைப்-சி டாங்கிள் 1 வோல்ட் கொடுக்கிறது என்று வைப்போம். 32 ஓமுக்கு அது சுமார் 31 மில்லிவாட். ஒன்றிலிருந்து 31 ஆவது 15 டெசிபல் ஏற்றம். ஆக 120 டெசிபல். காது வலிக்கிற எல்லை அது. நாம் கேட்பது 70, 75. மிச்சம் மீதி ஏராளம்.

ஆம்ப் தேவைப்படும் ஹெட்ஃபோன்கள் உண்டு. 1997இல் வந்து இன்றும் விற்கும் சென்ஹைசர் ஹெச்டி 600 போன்றவை 300 ஓம். அதே 1 வோல்ட்டுக்கு அங்கே 3 மில்லிவாட் சொச்சம்தான் போகும். ஆர்கெஸ்ட்ராவில் திடீரென்று எழும் இடங்களில் சக்தி போதாமல் போகும். அங்கே ஆம்ப் வாங்குங்கள், நானும் வாங்குவேன்.

24 ஜனவரி, பின்னிரவு

திருநகர் வாசகி ஒருவர் திருத்தினார், ஏற்றுக்கொள்கிறேன். ஆப்பிளின் டைப்-சி டாங்கிளில் ஐரோப்பாவில் விற்பது அரை வோல்ட்தான் தரும். போதாததற்குச் சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அதன் உள் வால்யூம் தாழ்ந்தே நின்றுவிடும். "என் டாங்கிளில் சத்தமே இல்லை" என்பவர்கள் ஆம்ப் தேடும் முன் இதைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டிலும் தம்பியின் இயர்ஃபோனுக்கு 114 டெசிபல் கிடைக்கும்.

ப்ளூடூத் பற்றிக் கேட்டவருக்கு: அதில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும், எஸ்பிசி அதைவிடக் குறைவு. 1987 கேசட்டைக் கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். கேபிள் மாற்றுவது, நூறு மணி நேரம் ஓடவிட்டுப் பழக்குவது இதெல்லாம் வேண்டாம். பழகுவது பெரும்பாலும் நம் காதுதான்.

27 ஜனவரி

நாதஸ்வரம் குத்துகிறது என்ற இரண்டாவது குறைக்கு வருகிறேன். இதற்கு மேலோசை, கீழோசையைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் போதும்.

நம் காதுத் துவாரம் ஒரு சின்னக் குழாய். அது ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸில் தானாகவே ஒத்திசைந்து அந்த ஓசையைத் தூக்கிக் கொடுக்கும். டிப் போட்டு அடைத்துவிட்டால் அந்த இயல்பு மாறிவிடுகிறது. அதனால் இயர்ஃபோன் செய்பவர்கள் அந்த இடத்தில் தாங்களே ஓர் ஏற்றம் வைக்கிறார்கள். எவ்வளவு வைப்பது என்பதில்தான் சண்டையே. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் குழுவினரும் பல பேரைக் கேட்க வைத்து, எது பிடிக்கிறது என்று ஆராய்ந்து, எந்த ஓசை எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு வளைகோடு வரைந்தார்கள். இன்று விற்கும் பல மலிவு இயர்ஃபோன்கள் அதை ஒட்டிச் செய்யப்படுகின்றன. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் கூர்மையும் அதே பகுதியில் விழுகிறது. ஏற்றத்தின் மேல் ஏற்றம் என்றால் குத்தத்தான் செய்யும்.

பவர்ஆம்ப் ஈக்வலைசர் செயலியில் பாராமெட்ரிக் வகையைத் தேர்ந்து இப்படிப் போடுங்கள்: 3 கிலோஹெர்ட்ஸில் 5 டெசிபல் குறைவு, அகலத்தைக் குறிக்கும் Q 1.4. 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றம். மொத்த ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப்பை 3 டெசிபல் இறக்குங்கள். ஏற்றிய அளவுக்கு முன்கூட்டியே இறக்காவிட்டால் உச்சத்தில் ஒலி உடையும்.

30 ஜனவரி

"இப்ப இனிமையா இருக்குண்ணே" என்று தம்பியின் பதில். தொப்பி வந்ததா என்றால், இல்லையாம். 3 டெசிபலை 9 ஆக்கியும் பார்த்திருக்கிறார். வேறு எந்தப் பாட்டு போட்டாலும் தலையே அதிர்கிறது, தாத்தா பதிவில் மட்டும் ஒன்றுமில்லை. இது விசித்திரம்.

4 பிப்ரவரி

இதை இடையில் சொல்லியே ஆக வேண்டும். தொப்பியைத் தேடி வால்யூமை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். நேற்று இரவு காதில் "கொய்ங்" என்று ஒரு மணி நேரம் ரீங்காரம் இருந்ததாம்.

தம்பி, இரண்டு நாள் இயர்ஃபோனைத் தொடாதீர்கள். ரீங்காரம் போகவில்லை என்றால் காது டாக்டரிடம் போய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு ஐந்தே மணி நேரம். இல்லாத ஓசையை வால்யூம் கொண்டுவராது, இருக்கிற ஓசை காதை அடிக்கும்.

6 பிப்ரவரி

ரீங்காரம் நின்றுவிட்டதாம். நிம்மதி.

12 பிப்ரவரி, அதிகாலை 1.15

நேற்றுத் தைப்பூசம். எங்கள் மதுரையில், தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். தூங்கும் முன் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் ஜனவரி 27 குறிப்பில் நான் சொன்னது தவறு.

மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்துக்கு எழுந்தருளும் இடத்தில் நாதஸ்வரக் கோஷ்டிக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். மைக் வழியாக வருவதை விட்டுவிட்டு, நாதஸ்வரத்தின் விரிந்த முனையான அணசிலிருந்து நேரே வரும் ஓசையை மட்டும் கவனித்தேன். குத்தியது. நன்றாகவே குத்தியது. சீவாளி அதிர்ந்து வரும் அந்தக் கூர்மை இல்லாவிட்டால் அது நாதஸ்வரமே இல்லை. அப்புறம் படிக்கட்டோரமாக நடந்து தெற்குக் கரைக்குப் போனேன். தண்ணீர் தாண்டி, கூட்டம் தாண்டி வரும்போது அதே நாதஸ்வரம் குழைந்து இனித்தது. தூரம் போகப் போக மேலோசை தேய்ந்துவிடுகிறது. கோயில் பிராகாரத்திலும் தெருவிலும் நாம் எப்போதும் தூரத்தில் நின்றே கேட்டிருக்கிறோம். தம்பியின் தாத்தா பதிவிலோ மைக் பக்கத்தில் இருந்திருக்கும்.

அந்தக் கூர்மையை 5 டெசிபல் வெட்டச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் என் இயர்ஃபோனில் அதே அமைப்போடு ஒரு நல்ல நாதஸ்வரப் பதிவு கேட்டேன். துணி போர்த்தி வாசித்தது போல இருந்தது. இத்தனை நாள் இதைத்தான் இனிமை என்று எண்ணியிருக்கிறேன். 2 டெசிபலுக்கு மேல் குறைக்காதீர்கள். முடிந்தால் ஒன்றுமே குறைக்காமல் ஒரு வாரம் கேளுங்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இலும் டி.எம். சௌந்தரராஜன் 1922இலும் பிறந்த ஊர் இது. சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் ஒலித்த ஊர். ஹெட்ஃபோன் வாங்கும் பிள்ளைகள் வருடத்துக்கு நாலு தரமாவது மைக் இல்லாத நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால், எந்த வளைகோட்டை நம்புவது என்ற குழப்பம் பாதி குறையும்.

தொப்பி? பத்தடியில் காதுக்கு வரும் முன் நெஞ்சுக்கு வந்தது. அதை இயர்ஃபோன் தராது. ஆனால் அதன் சுவடாவது காதுக்கு வர வேண்டும். தம்பி, அந்த எம்பி3ஐ அனுப்புங்கள்.

13 பிப்ரவரி

பதிவு வந்தது. இரண்டு விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று. 1987 மைக் செட்டு, ஒற்றைத்தடப் பதிவு. ஒற்றைத்தடம் (மோனோ) என்றால் இரு காதுக்கும் ஒரே ஒலிதான், ஹெட்ஃபோனில் அது தலைக்கு நடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. நாதஸ்வரம் வலது பக்கம் சாய்ந்து, புகை போலப் பரவித் தெரிகிறது. யாரும் வீட்டில் செய்யக்கூடிய சோதனை இது. ஒற்றைத்தடப் பாட்டு போடுங்கள். ஒலி ஒரு பக்கம் சாய்ந்தால் இயர்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வும் சேர்ந்து இடம் மாறினால் குறை இயர்ஃபோனிலோ பதிவிலோ. மாறாமல் அதே காதில் நின்றால் காதில் குறும்பியோ வேறு ஏதோ.

மாட்டிப் பார்த்தேன், சாய்வு இடம் மாறியது. என் இயர்ஃபோனில் மற்ற ஒற்றைத்தடப் பாட்டுகள் நடுவில்தான் நிற்கின்றன. ஆகவே குறை பதிவில். பிறகு ஃபோனின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ'வைப் போட்டேன். போட்ட கணத்தில் நாதஸ்வரம் மங்கியது. எடுத்தேன், திரும்பியது. கேசட்டை ஓட்டிய இயந்திரத்தில் நாடாவைப் படிக்கும் ஹெட் சாய்ந்திருக்கிறது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடும். 10 கிலோஹெர்ட்ஸ் ஓசையின் ஓர் அலை நாடாவில் 5 மைக்ரான்கூட இல்லை. ஹெட் துளி சாய்ந்தாலும் ஒரு தடம் முந்தி, மற்றது பிந்தி, முந்திய பக்கம் ஒலி சாயும்; இரண்டையும் ஒன்றாக்கினால் மேலோசை ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

இரண்டாவதுதான் முக்கியம். கணினியில் ஆடாசிட்டி மென்பொருளில் எந்த ஓசை எவ்வளவு என்று காட்டும் அலைவரிசைப் படம் போட்டுப் பார்த்தேன். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெறும் பள்ளம். கத்தியால் வெட்டியது போல இருக்கிறது. எம்பி3 ஆக மாற்றிக் கொடுத்தவர்கள் பழைய ஆம்ப்பின் "ம்ம்ம்" என்ற இரைச்சலை எடுப்பதாக நினைத்துக் கீழோசை முழுவதையும் வெட்டிவிட்டார்கள். இரைச்சலோடு தொப்பியும் போயிற்று. கீழே தாங்க ஒன்றுமில்லாதபோது மேலே இருப்பதெல்லாம் கூர்மையாகத்தான் தெரியும். நாதஸ்வரம் குத்தியதற்கும் பாதிக் காரணம் இதுவே.

இல்லாததை 9 டெசிபல் ஏற்றினாலும் இல்லைதான்.

13 பிப்ரவரி, இரவு

கேள்வியை மறுபடி படித்தேன். "சின்ன வயதில் வீட்டு டேப்ரெக்கார்டரில் கேட்டபோது இப்படி இல்லை" என்று முதல் நாளே எழுதியிருக்கிறார். கேசட்டில் தொப்பி இருக்கிறது, எம்பி3இல் இல்லை. விடை அந்த வரியிலேயே இருந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் டிப்பு, வோல்ட், ஈக்வலைசர் என்று மூன்றரை வாரம் ஓட்டிவிட்டேன். மன்னியுங்கள் தம்பி. டிப் பற்றிச் சொன்னது மட்டும் வீணில்லை, மற்றப் பாட்டுகளுக்கு அது உதவியது.

கேசட் இன்னும் இருக்கிறதா?

15 பிப்ரவரி

இருக்கிறதாம். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி.

23 பிப்ரவரி, ஞாயிறு

தம்பி காலையில் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் வந்து இறங்கினார். கேசட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கையால் பிடித்தபடியே வந்திருக்கிறார்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பழைய டேப் பழுது பார்க்கும் பெரியவரிடம் போன வாரமே என் கேசட் டெக்கைக் கொடுத்து பெல்ட் மாற்றி வைத்திருந்தேன். கேசட்டின் உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்ன ஃபெல்ட் திண்டு கழன்று போயிருந்தது. பெரியவர் வேறொரு கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்தினார். ஐந்து நிமிட வேலை. ஓடவிடும் முன் முழு நீளமும் ஒரு தரம் முன்னே சுற்றி, பின்னே சுற்றச் சொன்னார். வருடக்கணக்கில் ஓடாத நாடா ஒட்டிக்கொண்டிருக்குமாம்.

வீட்டுக்கு வந்து ஹெட்டையும் நாடாவை இழுக்கும் பிஞ்ச் ரோலரையும் துடைத்தோம். பிறகு ஹெட் சாய்வு. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். ஓடும்போதே அதைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று திருப்ப வேண்டும். இங்கேதான் ஹெட்ஃபோன் உதவுகிறது. இரண்டு தடத்தையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டுக்கொண்டே திருப்பினால், சரியான இடம் வரும்போது கதவு திறந்த மாதிரி மேலோசை வரும். தாண்டினால் மறுபடி மூடும். ஸ்பீக்கரில் எனக்கு இது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததில்லை. தம்பியிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்து, நான் திருப்பினேன். "இங்கண்ணே, இங்க, நிறுத்துங்க" என்றார். நாதஸ்வரம் தலை நடுவில் வந்து நின்றுவிட்டது.

லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் பதிவு செய்தோம், வீட்டு மின்சார இரைச்சல் கலக்காமல் இருக்க. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சத்துக்கு 6 டெசிபல் இடம் விட்டு. வடிகட்டி எதுவும் போடவில்லை. "ம்ம்ம்" இரைச்சல் இருக்கிறது. நாடாவின் "ஸ்ஸ்ஸ்" இருக்கிறது. தொப்பியும் இருக்கிறது.

அந்த முதல் அடியைத் தம்பி அவருடைய 1,800 ரூபாய் இயர்ஃபோனில், ஈக்வலைசர் இல்லாமல் கேட்டார். ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கம் முழுவதும் ஓடி முடிந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தோம்.

24 பிப்ரவரி

ஒன்று உறுத்துகிறது. சுருதி சரியில்லை. சுருதிப்பெட்டி வைத்துப் பார்த்தால் 2 கட்டைக்கும் 2½ கட்டைக்கும் நட்டநடுவில் நிற்கிறது (கட்டை: சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). தாத்தா கடைசியில் மைக்கில் இரண்டு வார்த்தை பேசுகிறார், குரல் கொஞ்சம் மெலிந்து ஒலிக்கிறது. நாடா வேகமாக ஓடுகிறதோ?

வெட்டப்படாமல் இருக்கும் அந்த "ம்ம்ம்" இரைச்சலைக் கொண்டே இதை அளக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் இரைச்சல் பெரும்பாலும் அதன் இரு மடங்கில், 100இல் வரும். படத்தில் அந்த முனை 103இல் நிற்கிறது. அப்படியானால் 3 சதவீதம் வேகம். டெக்கின் சொந்த இரைச்சலாக இருந்தால் சரியாக 100இல் நின்றிருக்கும். நாடாவை நிறுத்தியதும் அது மறைந்ததால் 1987இன் இரைச்சல்தான் என்று உறுதி.

26 பிப்ரவரி

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விளாங்குடி ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் 50 என்பது ஏட்டில்தானாம். சாயங்காலம் சுமை ஏறினால் 49க்கும் கீழே இறங்கும், மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும் என்கிறார். திருவிழா இரவில் 50 என்று எப்படி நம்புவது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. 48.5 என்று வைத்தால் வேகம் 6 சதவீதம் ஆகிவிடும். அது முழு அரைக்கட்டை வித்தியாசம்.

அதனால் சுருதியையும் இரைச்சலையும் சேர்த்துப் போட்டேன். நாதஸ்வரம் 2½ கட்டையாக இருந்தால் நாடா 3 சதவீதம் மெதுவாக ஓடுகிறது, அன்று மின்சாரம் 53 ஹெர்ட்ஸ் இருந்திருக்க வேண்டும். நடக்காது. 1½ கட்டை என்றால் 9 சதவீதம் வேகம், மின்சாரம் 47க்குப் பக்கம். அவ்வளவு இறங்கினால் லைனே நிற்காது என்கிறார் ஐயா. 2 கட்டை என்றால் 3 சதவீதம், மின்சாரம் 50. இது ஒன்றுதான் பொருந்துகிறது. சீவாளி கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதைக் கழித்தாலும் முடிவு மாறாது.

ஆடாசிட்டியில் வேகத்தை 2.9 சதவீதம் குறைத்து அனுப்பியிருக்கிறேன். சுருதியை மட்டும் மாற்றும் கருவி வேண்டாம், வேகமும் சேர்ந்து குறையும் கருவியைப் பயன்படுத்துங்கள். காலப்பிரமாணமும் அப்போதுதான் சரியாகும்.

28 பிப்ரவரி

தம்பியின் அப்பா உறுதி சொன்னாராம். அன்று நாதஸ்வரம் வாசித்தவர் கையில் இருந்தது 2 கட்டைப் பாரி நாயனம், நீளமான வகை.

2 மார்ச்

தம்பி அதை அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். இயர்ஃபோன் அவருக்குப் பழக்கமில்லை, டிப்பும் பொருந்தவில்லை. அதனால் காதுக்கு மேலே உட்காரும் என் பழைய ஹெட்ஃபோனைக் கொடுத்து அனுப்பியிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் சொன்னாராம்: "அன்னைக்குக் கூடு புதுசு. அதான் வலந்தலை இப்படிப் பேசுது. நான்தான் உக்காந்து சுத்திக் கொடுத்தேன்."

இதைப் படித்துவிட்டு மறுபடி போட்டுக் கேட்டேன். நாலாவது நிமிடத்திலிருந்து வலந்தலை அடிகள் ஒவ்வொன்றும் கெட்டியாக, ஓரம் மழுங்காமல் விழுகின்றன. இதுவரை அதை நான் மைக்கின் தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேசட்டின் மறுபக்கம் இன்னும் பாக்கி. அதில் தொடக்கத்திலேயே நாடா ஓரிடத்தில் மடிந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு பெரியவர் கடை திறந்திருக்கும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். தம்பி, எட்டு மணி பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள்.